கார் கொட்டகையில் விளக்கில்லாத கார்த்திகை

என்னங்க,

வீட்டின் எந்த மூலையிலிருந்து இப்படி அழைத்தாலும் “சொல்லுங்க மதர்” என்று பதில் வரும். கான்வென்ட்டில் படித்தவள், துணி மடிப்பில்கூடக் குற்றம் கண்டுபிடிப்பவள் என்பதற்காக நீங்கள் வைத்த பெயர் அது. இப்போது அழைத்தால் பதில் வருவதில்லை. பரவாயில்லை, இந்த முறை நான் பேசுகிறேன், நீங்கள் கேளுங்கள். உங்கள் மேல் எனக்குப் பெரிய கோபம்.

இந்தக் கார்த்திகைக்கு நம் வீடு தீப்பிடித்திருக்கும். காரணம், நீங்கள் வைத்துவிட்டுப் போன கேன்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். அன்று காலையிலிருந்தே தூறல். சமயநல்லூரில் கார்த்திகை எப்போதும் அப்படித்தான், விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வானம் கொஞ்சம் இரங்கும். முத்துமாரி மத்தியானமே வந்துவிட்டாள். நீங்கள் இருந்தபோது பாத்திரம் தேய்த்துவிட்டு ஓடுகிறவள், இப்போது பாதி நாள் என்னோடுதான். அகல்களைக் கழுவிக் கவிழ்த்து, திரி போட்டு, வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டினோம். உங்கள் தம்பி தங்கவேல் அலங்காநல்லூரிலிருந்து பொரியுருண்டை கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்.

எல்லார் வீட்டிலும் முதல் அகல் வாசற்படிக்கு. நம் வீட்டில் மட்டும் கார் கொட்டகைக்கு. உங்கள் அப்பா மாட்டு வண்டி நிற்கிற கொட்டத்தில்தான் முதல் விளக்கை வைப்பாராம், சோறு போடுவது வண்டிதான் என்பாராம். நீங்கள் அதை அப்படியே காருக்கு மாற்றினீர்கள். பூஜையறைக் குத்துவிளக்கில் ஏற்றிய அகலைக் கையில் ஏந்திக் காரின் முன்னால் வைத்துவிட்டு, பானெட்டை ஒரு தட்டு தட்டிவிட்டு வருவீர்கள். அதற்குப் பிறகுதான் வாசலுக்கு விளக்கு. நீங்கள் போன பிறகு அந்த அகலை நான்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். பானெட்டைத் தட்டுவதில்லை. அது உங்களுக்கும் காருக்கும் உள்ள சங்கதி.

அன்று சாயங்காலமும் அப்படித்தான் போனேன். கொட்டகைச் சுவரோரம் வைக்கும் மற்ற அகல்களை முத்துமாரி முன்பே கொண்டுபோய் அடுக்கி நிரப்பி வைத்திருந்தாள். கையில் எரிகிற அகல், காற்றுக்கு மறைப்பாக என் பருத்திச் சேலையின் தலைப்பு. கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினேன்.

மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. வீடெல்லாம் சாம்பிராணிப் புகை, என்ன தெரியும்? நெஞ்சுக்குத் தெரிந்தது. அந்தப் பிடி உங்களுக்குத் தெரியுமே. பெயின்ட் வாடை வந்தாலும், பக்கத்து வயலில் மருந்தடித்தாலும் முதலில் என் நெஞ்சில் யாரோ கயிறு போட்டு இழுப்பார்கள். அதே இழுப்பு. அதற்குப் பிறகுதான் கதவிடுக்கிலிருந்து புளித்த வார்னிஷ் மாதிரி ஒரு நெடி வந்தது.

அசையாமல் நின்றேன். என்ன நெடி என்று அப்போது தெரியாது. எரியும் விளக்கோடு அங்கே நிற்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

பள்ளியில் தீ ஒத்திகை என்று திடீரென்று மணி அடிப்பார்கள். ஓடாதே, பேசாதே, நட. சிஸ்டர் சொன்ன அந்த மூன்றும் இத்தனை வயதுக்கு மேல் காலுக்கு வந்தன. ஊதி அணைத்திருக்கலாமே என்பீர்கள். கார்த்திகை விளக்கை வாயால் ஊதக் கூடாது என்பது ஒருபுறம். ஊதினால் திரியின் பொறி எந்தப் பக்கம் பறக்கும் என்று நீங்கள் சொல்வீர்களா? கதவைப் பார்த்தபடியே பின்னால் நடந்தேன். பிறகு திரும்பி, கொட்டகைக்கு எதிர்மூலையில் இருக்கும் துவைக்கிற தொட்டி வரைக்கும் போனேன். விளக்கைத் தண்ணீரில் இறக்கிக் குளிரவைத்தேன். சுடர் போனதும்தான் குரல் கொடுத்தேன்.

“முத்துமாரி! கொட்டகையில அகல்ல என்ன ஊத்துன?”

“எண்ணெய்தாம்மா. வீட்ல இருந்தது வாசலுக்கே காணாது. கொட்டகையில சாக்குக்குப் பின்னாடி அய்யா வச்ச கேனு இருந்துச்சு. விளக்குப் படம் போட்டு, தீப எண்ணெய்னு. அதத்தான் ஊத்துனேன்.”

“மோந்து பார்க்கலையா?”

“எங்கிட்டுமா மோக்குறது? மூக்கு அடைச்சு நாலு நாளாச்சு. நீங்க வச்ச ரசத்தையே நல்லாருக்குன்னு குடிச்சேன்ல?”

வேறொரு நாளாக இருந்தால் அந்த வாய்க்குப் பதில் சொல்லியிருப்பேன்.

“கதவ ஏன் சாத்துன?”

“நாயி வந்து எண்ணெய நக்கிருமேன்னுதான். ஏம்மா, என்னாச்சு? நல்லெண்ணெய் மாதிரிதான இருந்துச்சு, செக்கச்செவேல்னு?”

அவள் சேலை முந்தானையை எடுத்து முகர்ந்தேன். அப்போது புரிந்தது.

“அது எண்ணெய் இல்லடி. பெட்ரோல்.”

அவள் கை இடுப்புக்குப் போனது. மடியை அவிழ்த்து ஒரு தீப்பெட்டியை எடுத்து, அது ஏதோ தேள் என்பது போல விரல் நுனியில் பிடித்து என்னிடம் நீட்டினாள். “நீங்க வர நேரமாச்சுன்னா நானே பொருத்திருவோம்னு இருந்தேம்மா,” என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் உங்கள் மேல் எனக்குக் கோபம்.

அவளைச் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லி, என் சேலை ஒன்றைக் கொடுத்தேன். நனைந்த சேலையை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம், வெளிக்கொடியில் தனியாகப் போடு என்றேன். கொட்டகை விளக்கு சுவிட்சைத் தொடக் கூடாது என்று சொன்னேன். சுவிட்சுக்குள் வரும் பொறியே போதும். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு போய்க் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

சாக்குக்குப் பின்னால் வரிசையாக நின்றன. எல்லாம் தீப எண்ணெய்க் கேன்கள். ஒன்றின் வயிறு உப்பியிருந்தது. இன்னொன்றின் மூடியோரம் கசிந்து பிசின் போல உறைந்திருந்தது.

ஊரடங்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு மூச்சு முட்டினால் ஆம்புலன்ஸ் வருமோ வராதோ, கார் ஓட வேண்டும் என்று நீங்கள் பைத்தியமாக அலைந்தீர்கள். பெட்ரோல் பங்கில் கேனில் ஊற்ற மாட்டோம் என்றார்கள். நீங்களா விடுகிறவர்? காரில் நிரப்பிக்கொண்டு வந்து, குழாய் போட்டு வாயால் உறிஞ்சி, வீட்டில் காலியாகக் கிடந்த எண்ணெய்க் கேன்களில் இறக்கிவிட்டு, மறுபடி பங்குக்குப் போனீர்கள். ஒருநாள் ஒரு மடக்கு உள்ளே போய், ராத்திரிச் சாப்பாட்டில் ஏப்பம் விட்டபோது “பக்கத்துல விளக்கக் கொண்டாராதீங்க மதர்” என்றீர்கள். நான் சிரிக்கவில்லை. அன்றே சொன்னேன், இது வீட்டில் இருக்கக் கூடாது என்று.

ஊரடங்கு முடிந்ததும் கேட்டேன். “அதெல்லாம் வண்டியில ஊத்தியாச்சு” என்றீர்கள். ஊற்றவில்லையே! ஏன் பொய் சொன்னீர்கள்? இன்னொரு முறை ஊரை அடைத்துவிடுவார்கள் என்று பயமா? என் இருமல் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு படுத்திருந்தீர்களா?

ஒருநாளும் அந்தப் பெட்ரோல் எனக்குத் தேவைப்படவில்லை. உங்களுக்கு ஆஸ்பத்திரி தேவைப்பட்ட காலையில் காரை எடுக்க ஆள் இல்லை. நீங்கள் ஓட்டுவீர்கள் என்றுதானே எல்லாம் சேர்த்து வைத்தது?

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்ய உள்ளே போனேன். போன வேகத்தில் வாசலில் பைக் சத்தம். தங்கவேல்.

“என்ன மதினி, கார்த்திகையும் அதுவுமா வீடு இருட்டாக் கெடக்கு?”

“தம்பி, கொட்டகைப் பக்கம் போகாதீங்க. உங்க அண்ணன் வச்ச பெட்ரோல் கசிஞ்சு கிடக்கு. சிகரெட் எடுக்காதீங்க.”

“பெட்ரோல்தான? நான் பாம்போன்னு பயந்துட்டேன். இதுக்குப் போயி அம்புட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக. பின்னாடி வாய்க்கால்ல கவுத்துவிட்டுட்டா மழத் தண்ணி அடிச்சிட்டுப் போயிரும்.”

“வாய்க்கால் யாரு வயலுக்குப் போகுது?”

“போற வயலுக்குப் போகுது. கறையான் புத்துல ஊத்துவமா? கறையானுக்கு நல்ல மருந்து.”

“நம்ம கிணத்துத் தண்ணியத்தான் நானும் முத்துமாரியும் குடிக்கிறோம்.”

“கான்வென்ட்டுல படிச்சவகள்ட்டப் பேசி செயிக்க முடியுமா?” என்று சிரித்தார். நானும் அதோடு விட்டுவிட்டு உள்ளே போனேன். தீயணைப்பு நிலையத்தில் பேசியவர் பொறுமையானவர். “அம்மா, கீழ ஊத்தாதீக, எரிச்சும் பாக்காதீக. மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்து நெழல்ல நிறுத்தி வைங்க. சிந்துனதுல மண்ணப் போடுங்க. இன்னிக்கு ராத்திரி அந்தப் பக்கம் விளக்கு, வெடி எதுவும் வேணாம். காலையில பழைய ஆயில் சேத்து அனுப்புற ஒர்க் ஷாப் எதுலயாவது குடுத்துருங்க” என்றார். கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தபோது முத்துமாரி ஈரத் தலையோடு ஓடி வந்தாள்.

“அம்மா! சின்னய்யா ரெண்டு கேனத் தூக்கிக்கிட்டுப் போறாக! சொக்கப்பனைக்காம்!”

இப்படி யோசிக்க வேறு எந்த ஊர்க்காரருக்கும் தோன்றாது. கோயில் முன்னால் பனைமரத்தை நட்டு ஓலை சுற்றி வைத்திருந்தார்கள். மழையில் ஓலை நனைந்துவிட்டது, பிடிக்காது என்று காலையிலிருந்தே தெருவில் பேச்சு. தங்கவேல் அதைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அண்ணன் பெட்ரோல் இருக்கிறது, சாமி காரியத்துக்கு ஆகட்டும். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

செருப்புப் போடாமல் நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் மூச்சு நின்றுவிடும், பேச முடியாது. வழியெல்லாம் வாசலுக்கு வாசல் விளக்கு. ஒவ்வொரு சுடரையும் தாண்டித்தானே அந்தக் கேன்களை அவர் எடுத்துப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

கோயில் முன்னால் நல்ல கூட்டம். முன்வரிசையில் தோளில் குழந்தையோடு பெண்கள். மேளம் நெருங்கிக்கொண்டிருந்தது, கூடவே தீவட்டி. தங்கவேல் பனையடியில் ஒரு கேனை வைத்துவிட்டு, இன்னொன்றின் மூடியைத் திருக முடியாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, அதக் கீழ வைங்க.”

“மதினி, இங்கிட்டு எங்க வந்தீக? போங்க, வாரேன்.”

“கீழ வைங்கன்னேன்.”

யாரோ சிரித்தார்கள். “தங்கவேலண்ணே, டீச்சர் பிரம்போட வந்துட்டாக!” நான் ஒருநாளும் டீச்சராக இருந்ததில்லை. தெருவில் குரல் உயர்த்தியதும் இல்லை, உங்களுக்குத் தெரியும். அன்று உயர்த்தினேன். தீவட்டியை அங்கேயே நிறுத்தச் சொல்லி நான் போட்ட சத்தத்தில் மேளம் நின்றுவிட்டது.

உங்கள் தம்பிக்கு முகம் கறுத்தது. “நாலு பேரு முன்னாடி இப்பிடிப் பேசுறீகளே. எங்க அண்ணன் பொருள்ல எனக்கு உரிமை இல்லையா? ஒரு கேனு பெட்ரோலுக்கா இம்புட்டு?”

“உரிமை இருக்கு. உங்க வேட்டியப் பாருங்க.”

குனிந்து பார்த்தார். இடுப்பிலிருந்து முழங்கால் வரை வெள்ளை வேட்டி நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. மழை என்று நினைத்திருக்கிறார். மழை நின்று வெகுநேரமாகியிருந்தது. நிமிர்ந்து தீவட்டியைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளித்தான் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்தவனும் வேட்டியைப் பார்த்துவிட்டான். பின்னால் இருந்த கூட்டத்தில் அவனால் விலகவும் முடியவில்லை.

“மதினி,” என்றார். அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை.

“யாரும் நகராதீங்க. தீவட்டிக்காரருக்கு மட்டும் வழி விடுங்க. அவர் போகட்டும்.”

வழி விட்டார்கள். சுடர் கூட்டத்துக்குள் அசைந்து அசைந்து, தெருமுனை திரும்பிப் போகும்வரை நானும் தங்கவேலும் பனையடியில் நின்றோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். மருமகளாக வந்து இத்தனை வருஷத்தில் உங்கள் தம்பியின் கையை நான் தொட்டதில்லை. வாய்க்கால் கரை இருட்டு வழியாக, ஒரு விளக்கும் இல்லாத பக்கமாக, வீடு வரைக்கும் கூட்டி வந்து, சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லி, உங்கள் வேட்டி ஒன்றைக் கொடுத்தேன். கேன்களைத் தொடாமல், சுற்றி ஆட்களை நிறுத்திக் காவல் காக்கச் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு அவற்றை எடுத்து வர இரண்டு பேர் தயங்கித் தயங்கி வந்தார்கள். பிரம்பு என்று கேலி செய்தவன் ஒருவன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சொக்கப்பனை பிறகு எரிந்தது. நெய்யும் கற்பூரமும் வைத்து, கொஞ்சம் தாமதமாக.

நம் வீட்டில் வெளியே ஒரு விளக்கும் வைக்கவில்லை. பூஜையறைக் குத்துவிளக்கு மட்டும் ஜன்னல் அடைத்து எரிந்தது. எதிர்வீட்டுக்காரி படியில் நின்று, “என்னக்கா, வீட்ல யாருக்கும் எதும் ஆயிருச்சா? விளக்கு வைக்கலையே?” என்றாள். கார்த்திகைக்கு இருட்டாகக் கிடந்தால் துக்க வீடு என்றுதானே அர்த்தம். நீங்கள் போய்ச் சேர்ந்த அந்த வருஷம்கூட யார் என்ன சொன்னாலும் கொட்டகைக்கு ஒரு அகல் வைத்தவள் நான். “யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆகக் கூடாதுன்னுதான் வைக்கல” என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது.

மறுநாள் காலையில் தங்கவேல் குட்டியானை என்கிற சின்ன லாரி ஒன்றைப் பேசிக் கூட்டி வந்தார். திறந்த வண்டிதான் வேண்டும், ஆட்டோ வேண்டாம், ஓட்டுகிறவர் பீடி பிடிக்கக் கூடாது என்று நான் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறார். கேன்களை மணல் கொட்டிய அண்டாக்களில் நிமிர்த்தி நிறுத்தி, மேலே ஈரச் சாக்குப் போட்டார். சிந்திய இடத்தில் போட்டிருந்த மண்ணை வாரி ஒரு தகர டப்பாவில் அடைத்தோம். பெட்ரோல் குடித்த அகல்களையும் கழுவாமல் அதிலேயே போட்டேன். கழுவினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

“மதினி, நீங்க வீட்ல இருங்க. நான் குடுத்துட்டு வந்துருவேன்.”

“நானும் வாரேன்.”

“நம்பலையாக்கும்?”

“நேத்து நம்பினேன்.”

சிரித்துவிட்டார். “ராத்திரி முச்சூடும் உங்க தங்கச்சி என்னைய வீட்டுக்குள்ளயே விடல மதினி. வாடை போகட்டும்னு பாய வெளிய தூக்கிப் போட்டுட்டா. கொசுகூடக் கிட்ட வரல, பாத்துக்கங்க.”

திருப்பரங்குன்றம் போகும் சாலையில் ஒரு பெரிய ஒர்க் ஷாப். பழைய ஆயில், கெட்டுப்போன எரிபொருள் எல்லாவற்றையும் பீப்பாயில் சேர்த்து, எடுத்துப் போக உரிமம் உள்ளவர்களிடம் கொடுக்கிறார்கள். அதை எடுத்துப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் இறக்கச் சொன்னேன். முதல் கேனைத் திறந்து பார்த்த முதலாளி, “இது வண்டிக்கே ஆகாதும்மா. எஞ்சினே அடைச்சிருக்கும்” என்றார்.

கேட்டீர்களா? எனக்கு மூச்சு முட்டி, நீங்கள் இதை ஊற்றிக் காரைக் கிளப்பியிருந்தால், கார் பாதி வழியில் நின்றிருக்கும். பயந்து பயந்து நீங்கள் சேர்த்து வைத்தது இதற்குத்தானா? பீப்பாயில் அது கொட்டுகிற சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். செக்கச்செவேல் என்றுதான் இருந்தது. ஒவ்வொரு கேனாகக் கவிழ்ந்தபோது நீங்கள் குழாயை வாயில் வைத்துக்கொண்டு கன்னம் குழிய உறிஞ்சியதுதான் கண்ணில் நின்றது. நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தங்கவேல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரமே அங்கிருந்து ஆள் வந்து கார் டேங்கையும் காலி செய்தார். நீங்கள் கடைசியாகப் போட்ட பெட்ரோல் அதில்தான் கிடந்தது. கைப்பம்பு வைத்து எடுத்தார், வாயால் இல்லை. இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியாமலா அன்று ஏப்பம் விட்டீர்கள்?

இந்தக் கடிதத்தை உங்களுக்கு மட்டும் எழுதவில்லை. மாடிப்படிக்கு அடியிலோ, கொட்டகைச் சாக்குக்குப் பின்னாலோ அவசரத்துக்கு ஆகும் என்று கேன் வைத்திருக்கிறவர்கள் படிக்கட்டும். அன்பினால்தான் வைத்திருப்பார்கள். அந்த அன்பு என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எந்த நெஞ்சுக்காக அதைச் சேர்த்தீர்களோ, அந்த நெஞ்சுதான் அன்று கதவுக்கு வெளியே என்னை நிறுத்தியது. என் மூச்சிரைப்பு உங்களைத் தூங்க விட்டதில்லை. அது முத்துமாரியைக் காப்பாற்றியது, உங்கள் தம்பியைக் காப்பாற்றியது. இனி அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கோபமும் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

கொட்டகையைக் கழுவிக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். வெயில் உள்ளே வரை வருகிறது. இப்போது அங்கே போய் ஆழமாக மூச்சு இழுத்துப் பார்த்தேன். சிமென்ட் வாசனை மட்டும்தான். அடுத்த கார்த்திகைக்கு முதல் அகல் அங்கேதான், என் கையால்தான். வைத்துவிட்டு, உங்கள் பங்குக்குப் பானெட்டை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் வாசலுக்கு வருவேன்.

மூச்சு முட்டாமல் இருக்கும் உங்கள் மனைவி,
விசாலாட்சி
(உங்களுக்கு மட்டும் மதர்)